பினாங்கிலிருந்து அக்கா வருகிறாள்: குமரி மாவட்டத்தில் மூன்று நாள், எங்கே நடப்பது, எங்கே தின்பது?

வேளிமலை எழுதியது:

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாட்டாவின் தம்பி 1930களில் மலாயாவுக்குக் கப்பலேறிப் போனவர். அவருடைய பேத்தி பினாங்கில் இருக்கிறாள், எனக்கு அக்கா முறை. வருகிற மே 29, 30, 31 மூன்று நாளும் அத்தானோடும் பத்து வயது மகனோடும் எங்கள் வீட்டில் தங்கப் போகிறாள்.

போன வருடம் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். ஜார்ஜ் டவுனில் அக்கா எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்குள்ளும் கூட்டிப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கந்தார், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு. கொஞ்ச தூரம் நடை. ஒரு சந்தில் செண்டோல். அந்தக் கிண்ணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அடியில் புழு மாதிரி பச்சை நிறத்தில் அரிசிமாவு இழை, அதன்மேல் சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், எல்லாவற்றுக்கும் மேலே குலா மெலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டிப் பாகு. பாகு ஐஸுக்குள் இறங்கிய வழியெல்லாம் கறுப்புக் கோடு விழுந்தது. கடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டே, நின்றபடியே தின்று முடித்தோம். மறுபடி நடை. இப்படியே போய், கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் வீட்டு வரிசை முடிகிற இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தோம். வயிறு நிறைந்ததும் தெரியவில்லை, பாதி ஊரைப் பார்த்துவிட்டதும் தெரியவில்லை.

இப்போது அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "நான் உன்னைக் கூட்டிட்டுப் போன மாதிரி நீ என்னைக் கூட்டிட்டுப் போ."

இரண்டு நாளாக அதே யோசனை. நம் ஊருக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்கிறோம்? காலையில் காரைப் பிடித்துப் படகுத்துறை வரிசை, மத்தியானம் ஏசி ஓட்டலில் முழுச்சாப்பாடு, அப்புறம் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு கோவில், ஓர் அருவி. சில வருடம் முன்பு சென்னை நண்பரின் குடும்பத்தை அப்படித்தான் கூட்டிப் போனேன். டிசம்பர் கடைசி, ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வேறு. படகுக்கு மூன்று மணி நேரம் நின்றோம். அவர்கள் குழந்தைக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது வரிசை மட்டும்தான். அது எனக்கு இன்றும் வருத்தம்.

நடந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே பார்க்கிற மாதிரி நம் மாவட்டத்தில் மூன்று நாள் அமையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை_சாயா எழுதியது:

தாராளமா அமையும் மக்கா. சாயங்காலம் நாலரைக்கு எந்தச் சாயாக்கடை வாசலில் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஏத்தன் பழத்தை நீளவாக்கில் கீறி மாவில் முக்கிப் போட்ட பழபஜ்ஜி சட்டியிலிருந்து வரும். நாகர்கோவில் பக்கம் என்றால் ரசவடை. இரண்டும் நின்று தின்கிற சாமான்தான். ராத்திரிக்குத் தட்டுக்கடை.

ஈத்தாமொழி_தென்னை எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பினாங்குச் சாப்பாடு துறைமுகத்தில் வளர்ந்தது. சுமை தூக்குகிறவன் நின்றவாக்கில் தின்றுவிட்டு ஓடுவான், அதற்கேற்ற சாப்பாடு. நம்முடையது அப்படி இல்லை. நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டை இலை போட்டு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். உள்ளித்தீயலை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலோடு மிளகாய்வற்றல், மல்லி, நல்லமிளகு எல்லாம் போட்டு, தீயை அடக்கி, கருகப் போகிறது என்று பயம் வருகிற நேரம் வரை வறுத்து, எண்ணெய் கக்க அரைத்து, புளி ஊற்றிக் கொதிக்க விடுகிறோம். அதைச் சோற்றில் பிசைந்து, கூடவே அவியலும் துவரனும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால்தான் அதன் ருசி. நடந்துகொண்டே ஒரு வாய் தீயலை யாரால் தின்ன முடியும்?

மூன்று நாளில் ஒரு மத்தியானமாவது அந்த அக்காவை வீட்டில் இலை முன்னால் உட்கார வையுங்கள். பருப்பும் நெய்யும் முதலில், அப்புறம் சாம்பார், புளிசேரி, கடைசியில் பாயசத்தில் பழமும் பப்படமும் நொறுக்கிப் பிசைகிறது வரைக்கும். விருந்தாளியை நிற்கவைத்தே அனுப்புவது நம் வழக்கமும் இல்லை.

தேங்காய் கடையில் வாங்க வேண்டாம். எங்கள் ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடே உண்டு. வந்தால் கருக்கு (இளநீர்) வெட்டித் தருகிறேன்.

தக்கலைக்காரி எழுதியது:

ஈத்தாமொழி அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனால் இலை போட்டால் அன்றைய மத்தியானம் முழுக்கப் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சாப்பாட்டையும் ஊர் பார்ப்பதையும் பிரிக்கவே வேண்டாத இடம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது, பத்மநாபபுரம் அரண்மனை. எல்லாரும் மூலிகைக் கட்டிலையும் கறுப்புத் தரையையும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். ஊட்டுப்புரையில் நில்லுங்கள். ஒரே தளத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மண்டபம் அது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்கிறவர் முகம் சரியாகத் தெரியாது. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய சீனப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. பையனை ஒரு பரணி பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். பினாங்குப் பிள்ளைக்குச் சீனாவிலிருந்து வந்த பரணி என்றால் உடனே பிடிக்கும்.

மூன்று விஷயம். திங்கட்கிழமை விடுமுறை, உங்கள் தேதி தப்பித்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் அடைப்பார்கள், காலையிலேயே போங்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் நிர்வாகம், அங்கே போய்க் குழம்ப வேண்டாம்.

கார் வேண்டாம், பேருந்தில் வாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அக்கா கையில் அந்தப் பூஜ்ஜியக் கட்டணச் சீட்டைக் கொடுத்தால் அதையே நினைவுக்கு வைத்துக்கொள்வார்கள். பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனை 2 கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். வழியில் மட்டிப்பழம் தொங்கினால் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், தோல் காகிதம் மாதிரி. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம் அதுதான்.

முட்டம்_கரை எழுதியது:

மீன் பற்றி யாரும் சொல்லவில்லையே. அண்ணே, நீங்கள் சொன்ன தேதி ரொம்ப முக்கியம்.

நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு வகை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, மே கடைசியில் கன்னியாகுமரியில் மீன் தேடினால் கிடைக்கிறது குறைவு, விலையும் அதிகம். எங்கள் பக்கம் வாருங்கள், 31 வரை ஏலம் நடக்கும். ஜூன் 1 ஆனால் வள்ளத்தில் வருகிறது மட்டும்தான்.

காலை ஆறரைக்குக் கரையில் நில்லுங்கள். சாளையும் நெத்தோலியும் கடவத்தில் கொட்டுவார்கள், ஏலம் விடுகிறவர் சொல்கிற வேகத்தில் காது பழகவே பத்து நிமிஷம் ஆகும். போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிழைப்பு நேரம்.

இன்னொன்று, இதைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பையனைக் கடலில் இறக்க வேண்டாம். முட்டமோ சொத்தவிளையோ, எந்தக் கரையானாலும் சரி. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வரும். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கரை அமைதியாக இருக்கும்போதே எங்கோ தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை ஒரே தடவையில் மேலே ஏறும். கடலைப் பார்த்தே வளர்ந்த நாங்களே அந்த நேரத்தில் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிடுவோம். பாறை மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கவும் முட்டம்தான் நல்லது. மே மாதத்தில் சூரியன் வடக்கே விலகி இறங்கும், குமரி முனையில் நின்றால் கடலுக்குள் விழுகிற மாதிரி கிடைக்காது.

குழித்துறை_ஆறு எழுதியது:

மீன் வாங்கினால் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இல்லாமல் எப்படி? வேகவைத்து மசித்துத் தேங்காயும் காந்தாரி மிளகும் அரைத்துப் போட்டது ஒரு பக்கம், மாங்காய் போட்ட சாளைக்கறி ஒரு பக்கம். இதைவிட்டுவிட்டு வேறு எதைக் காட்டப் போகிறீர்கள்?

வேளிமலை எழுதியது:

குழித்துறை அண்ணே, இதில்தான் எனக்கு ஒரு தயக்கம். அக்காவின் அப்பத்தா, எங்களுக்குச் சின்னப்பாட்டி, பினாங்கில் இருக்கிறார். தொண்ணூறு நெருங்குகிறது. அவர் மரச்சீனியைக் கையால் தொடமாட்டார். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் அரிசி இல்லாமல் அதைத்தான் தின்றார்களாம், மூன்று வேளையும். "அது பசிக்குத் தின்ன கிழங்கு, வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த வீட்டில் யாருமே சாப்பிட்டதில்லை. அக்காவுக்கும் ருசி தெரியாது.

குழித்துறை_ஆறு எழுதியது:

தம்பி, இதைக் கேட்டதும் மனசு என்னமோ செய்தது. அதே வருடங்களில் இங்கேயும் அதே கதைதான். திருவிதாங்கூர் அன்றைக்கு அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா குடிமக்களை நடச்சொல்லி ஊக்கப்படுத்திய மரச்சீனிதான் அப்போது எங்கள் விளவங்கோடு பக்கம் எல்லாரையும் காப்பாற்றியது. என் பாட்டியும் மூன்று வேளை தின்றவர்தான். ஆனால் அவர் அதை வெறுக்கவில்லை. சாகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் மீன்கறியும் கிழங்கும்தான் கேட்டார்.

கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே யுத்தம், ஒரே கிழங்கு. ஒரு கிழவிக்கு வேண்டாம், ஒரு கிழவிக்கு வேண்டும். அங்கே பயத்தோடு தின்றார்கள், இங்கே மீன்கறி தொட்டுக்கொண்டார்கள், அதனால்தானோ என்னவோ. நீங்கள் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டே கொடுங்கள். மறைத்துக் கொடுக்க வேண்டாம்.

சிங்கை_நாஞ்சில் எழுதியது:

சொந்த ஊர் சுசீந்திரம், வேலை சிங்கப்பூரில். இங்கே தெருவில் விற்றவர்களையெல்லாம் அரசு 1986 வாக்கில் உணவங்காடிகளுக்குள் கொண்டுவந்து முடித்துவிட்டது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்த உணவங்காடிப் பண்பாடு சேர்ந்தது. தேக்கா சந்தையில் ஒரு மேசையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, நாலு கடையில் நாலு நாட்டுச் சாப்பாடு வாங்கி வந்துவிடலாம். ரொம்ப வசதி. எனக்குப் பிடிக்கும்.

ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்று தோன்றும். நம் சாமான் எதுவும் ஒரு கூரையின் கீழ் வந்து சேராது. அக்கானி (பதநீர்) பனையடியில், மீன் கரையில், பூ தோவாளையில் விடியலுக்கு முன்னால், அன்னாசியும் சக்கையும் (பலா) மலையோரத்தில், ரசவடை சாயங்காலச் சாயாக்கடையில். நேரம் தவறினால் எதுவும் இல்லை. வேளிமலை அண்ணன் இடங்களை எண்ணித் திட்டம் போடாமல் மணிக்கணக்கை வைத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். இத்தனை மணிக்கு இது கிடைக்கும், அது கிடைக்கிற இடத்தில் நில், பக்கத்தில் இருப்பதைப் பார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழிதான் ஊர் பார்ப்பது.

வட்டக்கோட்டை_பனை எழுதியது:

அக்கானி என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். மே கடைசி என்றால் சீசன் முடிகிற நேரம், ஆனாலும் கிடைக்கும். வட்டக்கோட்டை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பனையேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முன்பு மாதிரி இல்லை. ஆறு மணிக்கு முன்னால் பனையடிக்கு வந்துவிடுங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால் புளிக்காது, அதற்காக ஒன்பது மணி வரை வைத்துக் குடித்தால் அந்த ருசி இருக்காது. டம்ளரில் வாங்காதீர்கள், ஓலைப்பட்டையில் ஊற்றச் சொல்லுங்கள். பச்சை ஓலை வாசனையும் சேர்ந்தால்தான் அக்கானி. மாங்காய் கையில் இருந்தால் நறுக்கிப் போடுங்கள்.

காய்ச்சுகிற வீட்டையும் காட்டுங்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) ஊற்றுவார்கள். பினாங்கில் தென்னங்கருப்பட்டி தின்றவர்கள் பனங்கருப்பட்டியைத் தின்று பார்க்கட்டும். குடித்துவிட்டு நேராகக் கோட்டைக்குப் போங்கள், டிலனாய் எடுத்துக்கட்டிய கோட்டை, மேலே நின்றால் காற்று ஆளைத் தள்ளும்.

தக்கலைக்காரி எழுதியது:

டிலனாய் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர்தான், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, அரண்மனைக்குப் போகிற வழி. அத்தானுக்குப் பிடிக்கும் என்றால் அரை மணி நேரம் இறங்குங்கள்.

வேளிமலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அவர்கள் நேற்று ராத்திரி கிளம்பினார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

29ஆம் தேதி வட்டக்கோட்டை அண்ணன் சொன்னபடி ஐந்தே முக்காலுக்குப் பனையடியில். பையன் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கு நனையக் குடித்தான், அப்புறம் மரத்திலிருந்து இறங்கியவரின் கையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. "வலிக்குமா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு பட்டை ஊற்றினார். அங்கிருந்து நேராகப் படகுத்துறை, முதல் படகுகளிலேயே இடம் கிடைத்தது. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் 77 மீட்டர்தான், ஆனால் அதைக் கடக்க எங்களுக்கு அரை மணி ஆனது. பையன் கண்ணாடியில் குப்புறப் படுத்துக் கீழே அலை உடைவதைப் பார்த்தான், எழும்பவே இல்லை. பாலம் வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் கடல் கொஞ்சம் கோபித்தாலும் வள்ளுவர் சிலைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள், விவேகானந்தர் பாறையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது நடந்தே போகலாம். 133 அடி ஏன், பீடம் ஏன் 38 அடி என்று அத்தான்தான் பையனுக்கு விளக்கினார். பினாங்குத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்.

30ஆம் தேதி அரண்மனை, பேருந்தில். சீட்டை அக்கா பர்ஸில் வைத்துக்கொண்டாள். ஊட்டுப்புரையில் அவள் கேட்ட கேள்வி: "இவ்வளவு பேருக்கும் பரிமாறினவங்க எங்க உட்கார்ந்து சாப்பிட்டாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. மத்தியானம் ஈத்தாமொழி அண்ணாச்சியின் பேச்சைக் கேட்டு வீட்டில் இலை. தீயலுக்குத் தேங்காய் வறுத்தது அம்மா. அக்கா அடுப்புப் பக்கமே நின்று நிறம் மாறுவதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி, நீங்கள் சொன்னதுதான் சரி, அன்றைக்கு ஐந்து மணி வரை யாரும் எழும்பவில்லை. ஆனால் ஏழு மணிக்கு அதே ஆட்கள் ரசவடைக்கு நடந்து வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

31ஆம் தேதி முட்டம். ஏலம் பார்த்தோம், சாளை வாங்கினோம். முட்டம்_கரை தம்பி தன் அத்தை வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். அங்கே மரச்சீனி. குழித்துறை அண்ணன் சொன்னபடி அக்காவிடம் முன்னாலேயே எல்லாம் சொல்லியிருந்தேன், இங்கேயும் அதே வருடங்களில் அதே கிழங்கு என்பதையும். அவள் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். ஒரு துண்டு எடுத்து மீன்சாற்றில் தொட்டு வாயில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுபடி எடுத்தாள். கடைசியில் தட்டில் இருந்ததை வழித்துத் தின்றாள். கை கழுவும்போதுதான் சொன்னாள்: "அப்பத்தாகிட்ட இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல."

அன்று சாயங்காலம் மாத்தூர்த் தொட்டிப்பாலம் போகலாம் என்று இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. 115 அடி உயரத்தில் ஆற்றுக்கு மேலே நின்று அன்னாசி தின்ன வைக்கலாம் என்ற ஆசை அடுத்த தடவைக்கு. அத்தானுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஈத்தாமொழி_தென்னை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கருக்கு வெட்டித் தருகிறேன் என்று சொன்னேன், வரவில்லையே.

வேளிமலை எழுதியது:

நேரம் இல்லை அண்ணாச்சி, மன்னிக்கணும். வருகிற ஞாயிறு நாங்கள் மட்டும் வருகிறோம்.

வட்டக்கோட்டை_பனை எழுதியது:

கருப்பட்டி வாங்கிப் போனார்களா? மழைக்காலத்தில் சும்மா வைத்தால் கசிந்துவிடும், ஓலையில் பொதிந்து காற்றுப் படாமல் வைக்கச் சொல்லுங்கள்.

வேளிமலை எழுதியது:

ஐந்து சிரட்டைக் கருப்பட்டி கொண்டுபோனாள். இன்று காலை படம் அனுப்பியிருக்கிறாள். குலா மெலாக்காவுக்குப் பதில் நம் கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றி வீட்டிலேயே செண்டோல் செய்திருக்கிறாள். புகை வாசனை கொஞ்சம் தூக்கலாம், ஒரு சிட்டிகை உப்பு கூடப் போட வேண்டியிருந்ததாம். சின்னப்பாட்டி இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, எந்தப் பனை என்று கேட்டாராம்.